பெரட்டுக்களம் முதல் பால்கொட்டகை வரை: கெடாத் தோட்டங்களில் ஒரு செயல்முறையின் வரலாறு

நிறுவனங்களில் நடைபெறும் வேலைகளைக் கூறுகூறாகப் பிரித்து ஆராய்ந்து, வரைபடமாக்கி, அவ்வரைபடத்தைக் கொண்டு வேலையைத் திருத்தியமைக்கும் துறைக்கு 'வணிகச் செயல்முறை ஆய்வு' என்று இன்று பெயர் வழங்குகிறோம். பல்கலைக்கழகங்களில் இது பாடமாக உள்ளது. இதற்கெனத் தனிப் பணியிடங்களும் உள்ளன. நம் பிள்ளைகளுள் பலர் பினாங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் உள்ள தொழிற்சாலைகளில் இப்பணியைச் செய்துவருகின்றனர். ஒரு பொருளோ ஓர் ஆவணமோ எங்கே புறப்படுகிறது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறுகிறது, எங்கே காத்துக்கிடக்கிறது, எங்கே அளக்கப்படுகிறது என்று கேட்பதே இப்பணியின் சாரம். இக்கேள்விகள் கணினியோடு பிறந்தவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில், அமெரிக்கப் பொறியாளர் பிரெடெரிக் டெய்லர் தம் அறிவியல்முறை மேலாண்மை நூலை வெளியிட்டது 1911இல். பிராங்க் கில்பிரெத் செயல்முறைக்குப் படம் வரையும் வழியைப் பொறியாளர் அவையில் முன்வைத்தது 1921இல். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் தென்கெடாவின் காடுகள் அழிக்கப்பட்டுக் கித்தாத் தோட்டங்கள் எழுந்தன. அமெரிக்க ஆலைகளில் எழுந்த கேள்விகள் அத்தோட்டங்களில் வேறு பெயர்களில் நாள்தோறும் கேட்கப்பட்டன. விடை சொல்லவேண்டியவர்கள் நம் முன்னோர்.

சுங்கைப்பட்டாணிக்குத் தெற்கே, மூடா ஆற்றை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் திகாம் பத்து. கெடாவைப் பற்றிப் பேசப் புகும் தமிழர் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பிலிருந்து தொடங்குவது மரபாகிவிட்டது. அப்பெருமையை இன்று சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, விடியலுக்கு முந்தைய பெரட்டுக்களத்திலிருந்து தொடங்குவோம். சோழர் படை வந்து சென்றது. பெரட்டுக்கு வந்தவர்களோ இங்கேயே தங்கிவிட்டனர்.

கெடா 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சயாமிடமிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது. மறு ஆண்டே உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. 1915இல் இருப்புப்பாதை பினாங்கின் எதிர்க்கரையிலிருந்து அலோர் ஸ்டார் வரை நீண்டது. கோலமூடா, கூலிம் மாவட்டங்களின் தோட்டங்களுக்குத் தேவையான ஆட்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக் காவலில் இருந்து, பின்னர் தோட்டங்களுக்கு வந்துசேர்ந்தனர். ஆள் திரட்டுவதற்கென 1907இல் குடிநுழைவுக் குழு ஒன்றும் நிதி ஒன்றும் அமைந்தன. கங்காணி ஊருக்குச் சென்று ஆளழைத்து வருவதும், அந்நிதியிலிருந்து வழிச்செலவு வழங்கப்படுவதும், வந்தவர் பெயர் பதிவாவதும் தாள்களின் வழியே நடந்த ஒழுங்கான செயல்முறைகளே. அதன் இறுதிக் கட்டத்தில், தன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குச் சில காசு கிடைத்தது. இச்சிறு தொகையைக் கவனிக்க வேண்டும். காய்ச்சலில் கிடப்பவனையும் கங்காணி லயத்திலிருந்து எழுப்பிப் பெரட்டுக்கு இழுத்துவந்ததற்கு அவனுடைய கொடுமையை மட்டும் காரணமாகச் சொல்லி நம் கதைகள் முடித்துவிடுகின்றன. அக்கொடுமையில் ஒரு பாதியையாவது ஊதியம் கணக்கிடப்பட்ட முறையே உண்டாக்கிற்று.

இனி மரத்திடம் வருவோம். பிரேசிலின் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தபோது மரங்கள் புண்பட்டு வீணாயின. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பட்டையின் மெல்லிய சீவலை மட்டும் நீக்கி, அதே காயத்தை மீண்டும் மீண்டும் திறந்தால் மரமும் கெடாது, பாலும் பெருகும் என்று ஆய்ந்து காட்டினார். செயல்முறை மேம்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு விதிக்கும் மரத்தின் உடலமைப்பே காரணமாயிற்று. வெட்டு ஏன் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து ஓடுகிறது? பட்டைக்குள் பால்நாளங்கள் நேர்க்குத்தாக இல்லாமல் சற்றே வலஞ்சாய்ந்து மேலேறுகின்றன. அவ்வாறு வெட்டினால் கூடுதலான நாளங்கள் அறுபடும். ஏன் விடியலில் வெட்ட வேண்டும்? வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். பால் நெடுநேரம் ஓடும். ஏன் கத்தி மரத்தைத் தொடாமல் நிற்க வேண்டும்? பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள மென்படலம் காயப்பட்டால், அவ்விடத்தில் புதுப்பட்டை செம்மையாக வளராமல் முண்டும் முடிச்சும் விழும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் மிகுந்தால் மரம் கெடும். இக்கணக்கை விளக்கின் ஒளியில், கொசுக்கடியினூடே, ஒரு காலைப் பொழுதில் முந்நூறு முதல் ஐந்நூறு மரங்கள் வரை பிசகாமல் செய்து முடித்தவர்களை ஏடுகள் 'பயிற்சியற்ற தொழிலாளர்' என்ற பிரிவில் எழுதிவைத்தன. அச்சொல்லை எழுதியவர் கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கமாட்டார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

வெட்டு முறைகள் பலவாகப் பெருகியபோது அவற்றைக் குறிப்பதற்குச் சுருக்கக் குறியீடு ஒன்று தேவைப்பட்டது. மலாயாவின் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வெட்டு முறைகளுக்குப் பன்னாட்டுக் குறியீடு உருவாகிவிட்டது. 'எஸ்/2 டி/2' என்று எழுதினால், மரத்தின் சுற்றளவில் பாதி அளவுக்குச் சுருள்வெட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை என்பது பொருள். கண்டத்துக்குக் கண்டம் மொழி வேறாயினும் ரப்பர் பயிரிடுவோர் இதைப் படித்துப் பொருள் கொள்வர். கணினித் துறையில் செயல்முறைப் படிமக் குறியீடுகள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே, திகாம் பத்து வட்டாரத்துத் தோட்ட ஆப்பீசுகளுக்குப் பயன்படத்தக்க படிமமொழி ஒன்று உலகில் இருந்தது.

அக்குறியீட்டின் கடைசி எண்ணில்தான் தோட்டத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. தொடக்கத்தில் மரத்தை நாள்தோறும் வெட்டினர். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது பெருவழக்காயிற்று. மரத்துக்கு ஓய்வு கிடைத்தது. பட்டையும் நெடுநாள் தாங்கியது. வெட்டுபவருக்கோ ஓய்வு இல்லை. இன்று ஒரு நிரைத் தொகுதி, நாளை மற்றொன்று. 1970களிலிருந்து எத்திபோன் என்னும் ஊக்கி மருந்தைப் பட்டையில் பூசி, மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை என்று இடைவெளியை நீட்டுவது இயன்றது. மரம், மருந்து, விளைச்சல் என்ற அளவில் இவை யாவும் சிறந்த மேம்பாடுகளே. ஆனால் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாள்தோறும் வெட்டும்போது ஒரு நிலப்பரப்புக்குப் பன்னிரண்டு பேர் தேவை என்று கொள்வோம். அந்த எண் இரண்டானால் ஆறு பேர் போதும். மூன்றானால் நால்வர். நான்கானால் மூவர். ஆராய்ச்சி அறிக்கையில் ஓர் இலக்கம் மாறுகிறது. லயத்தில் ஒன்பது வீடுகளின் தேவை இல்லாமற்போகிறது. அறிக்கையை எழுதிய அறிவியலாளர் மரத்தைப் பற்றி எழுதினார். அவர் எழுதியதில் பிழையொன்றும் இல்லை. ஒன்பது வீடுகளைப் பற்றிய கேள்வி அவருடைய படிவத்தில் இடம்பெறவில்லை, அவ்வளவே.

தோட்டத்தின் ஒரு நாளை வரைபடமாகவும் காணலாம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1947இல் செயல்முறைப் படங்களுக்கு ஐந்து குறிகளை வரையறுத்தது: செய்கைக்கு வட்டம், நகர்வுக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், தாமதத்துக்கு அரைவட்டம் போன்ற ஓர் எழுத்து, சேமிப்புக்கு முக்கோணம். பெரட்டில் பெயர் வாசிப்பது சதுரம். நிரைக்கு நடப்பது அம்பு. சீவுவது வட்டம். பால் சொட்டி முடியும்வரை உள்ள நேரம் தாமதம். மங்குகளிலிருந்து வாளிக்கு ஊற்றுவது வட்டம். தோளில் சுமந்து கொட்டகைக்கு வருவது மீண்டும் அம்பு. அங்கே வரிசையில் நிற்பது மீண்டும் தாமதம். நிறுவை சதுரம். தொட்டியில் சேர்ப்பது முக்கோணம். படம் அழகாக அமைந்துவிடுகிறது. ஆனால் முதல் தாமதம் தாமதமே அன்று. அந்நேரத்தில்தான் பசியாறினர், ஒட்டுப்பால் உருவினர், மங்கு துடைத்தனர், கைக்குழந்தையைப் பார்க்க ஆயாக்கொட்டகைக்கு ஓடினர். சீவுதல் என்ற ஒற்றை வட்டத்துக்குள்ளும் பல வேளைகளில் இருவரோ மூவரோ இருந்தனர். கணவன் சீவ, மனைவி மங்கு எடுக்க, பள்ளிக்குச் செல்லாத பிள்ளை முன்னே ஓடி ஒட்டுப்பால் பறிக்க, ஏட்டில் ஒரு பெயர் மட்டும் ஏறிய நாட்களை நம் குடும்பங்களில் அறியாதவர் குறைவு. இரு பெயர் ஏறினாலும் அவை ஒன்றாக மதிக்கப்படவில்லை. 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முதன்மைப் பகுதிகளுக்கென வகுக்கப்பட்ட ஊதியம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்று, கத்தி ஒன்று, கோடு ஒன்று.

பால்கொட்டகையின் சதுரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தோட்ட வாழ்வின் சச்சரவுகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறந்தது. பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். மற்றதில் பெரும்பங்கு நீர். அளவை வைத்துக் காசு கொடுத்தால் வாய்க்கால் நீரும் காசாகிவிடும் என்பது நிருவாகத்தின் அச்சம். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆகவே உலர்ந்த ரப்பரின் அளவைக் கண்டு அதற்கே காசு என்ற முறை வந்தது. அதற்குரிய கருவி மெட்ரோலாக். பாலில் மிதக்கவிட்டு, எந்தக் கோடுவரை மூழ்குகிறது என்று பார்த்தால் கணக்குக் கிடைக்கும். விரைவான கருவி, ஆனால் தோராயமானது. நுரை, வெப்பம், கலந்த நீரின் அளவு ஆகிய யாவும் அதன் கோட்டை மாற்றவல்லவை. மாதிரிப் பாலை உறையவைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பதே திருத்தமான வழி. அதற்கு நேரம் வேண்டும். வரிசையில் நிற்கும் நூறு வாளிகளுக்கு முன்னால் நேரத்துக்குத் தட்டுப்பாடு. எனவே கருவி வென்றது. கோட்டைப் படித்தவர் கிராணி. எழுதியவரும் கிராணி. வாளிக்காரர் அக்கோட்டைக் குனிந்து பார்த்ததும் அரிது. பார்த்தாலும் அதற்குப் பொருள் சொல்ல ஆள் இல்லை. மழைநாளில் பால் நீர்த்துப்போவதும், இலையுதிர் காலத்தில் குறைந்துபோவதும் சீவுபவருக்குத் தெரியும். அவ்வறிவைக் கேட்டுப் பதிவதற்குச் செக்ரோலில் கட்டம் எதுவும் அச்சடிக்கப்படவில்லை.

இங்கே நம் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கெடாத் தோட்டங்களில் செயல்முறை ஆய்வு இல்லாமற்போனது குறையன்று. அது மிக நுட்பமாகவே நடந்தது. மரம் ஆராயப்பட்டது, பால் ஆராயப்பட்டது, புகைக்கூண்டின் வெப்பம் ஆராயப்பட்டது. வேலையை நாள்தோறும் செய்தவர் மட்டும் ஆய்வின் பொருளாக இருந்தாரேயன்றி ஆய்வாளர் வரிசையில் ஒருபோதும் அமர்த்தப்படவில்லை.

விலை வீழ்ந்த காலங்களில் இக்குறை வெளிப்பட்டது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டத்தின்படி ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1930இல் பெருமந்தம் தாக்கியபோது மேற்கூறிய 50 காசு 40ஆகவும், 40 காசு 32ஆகவும் குறைந்தது. பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மரத்தைப் பாதியில் நிறுத்தலாம், பட்டை வளரும். மனிதரை நிறுத்தினால் என்னவாகும் என்பதை எந்தக் குறியீடும் காட்டவில்லை. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தபின், ஆள் வேண்டும்போது அழைத்து, வேண்டாதபோது அனுப்பும் வழி அடைபட்டது.

தொழிலாளரே ஆய்வாளராக நின்ற காட்சி ஒன்று கெடாவில் உண்டு. போருக்குப் பின் 1946, 1947 ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர். அவர்கள் முதலில் கைவைத்தது கள்ளுக்கடையில். இதை ஒழுக்கப் போராட்டம் என்று மட்டும் கூறுவது பாதிச் செய்தியே. சம்பள நாளில் ஆப்பீசிலிருந்து புறப்படும் காசு, தோட்ட எல்லைக்குள்ளேயே உள்ள கள்ளுக்கடையில் நின்று, மிச்சம் கடைக்கடனுக்குப் போய், வீட்டுக்கு வெறுங்கையாய்ச் சேரும் வழியை அவர்கள் கண்டுகொண்டனர். பணம் எங்கே புறப்பட்டு எங்கே தேங்குகிறது என்று பார்த்து, அவ்வழியின் ஒரு கண்ணியை அறுக்க முனைந்தனர். கில்பிரெத்தின் குறிகளை அறியாதவர்கள் செய்த செயல்முறை ஆய்வு அது. விளைவு இனிதாக இல்லை. 1947இன் தொடக்கத்தில் பீடோங்கில் காவலர்களோடு மோதல் மூண்டது, உயிரிழப்பும் நேர்ந்தது, தலைவர்கள் சிறைப்பட்டனர். பின்னாளில், 1990இல், மைக்கேல் ஹாமர் என்பவர் பழைய வேலைமுறைகளை ஒட்டுப்போடாமல் அடியோடு மாற்றியமைக்க வேண்டும் என்று எழுதியது உலகமெங்கும் பேசப்பட்டது. அக்கட்டுரை வெளிவந்ததும் ஹார்வர்டு பெயர் தாங்கிய இதழில்தான். நம் ஹார்வர்டில் அதைச் சொன்னவர்கள் அடிபட்டது நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னர்.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. ஊதியமும் வேலையளவும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தன. ஐரோப்பியர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுச் சென்ற காலம் அது. துண்டாடலைக் கண்டு கவலையுற்ற வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் போட்ட பணத்தைக் கொண்டு அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். கெடாத் தமிழர் நெஞ்சு நிமிர்ந்து சொல்லத்தக்க செய்தி இது. எனினும் உடைமை கைமாறியதனால் மட்டும் செயல்முறை மாறிவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தோட்டம் யாருடையதாயினும் விடியலில் பெயர் வாசிக்க வேண்டும், பாலை நிறுக்க வேண்டும், நீரையும் ரப்பரையும் பிரித்தறிய வேண்டும்.

1965இல் வந்த தரநிருணய ரப்பர்த் திட்டம் கொட்டகைக்குள் புகுந்து அனைத்தையும் இடம் மாற்றியது. அதுவரை தகடுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தையும் புள்ளியையும் கண்ணால் கண்டு தரம் பிரித்தனர். புதிய திட்டத்தில் அழுக்கு, சாம்பல் முதலியவற்றின் அளவை ஆய்வுக்கூடம் சொல்லிற்று; ரப்பர் கட்டிகளாக வெளிவந்தது. சிறு தோட்டங்களின் உருளைகளும் புகைக்கூண்டுகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பால் லாரியேறி மைய ஆலைகளுக்குச் சென்றது. கூண்டில் தகடு தொங்கவிட்டவர்களின் கண்ணறிவுக்குத் தேவை குறைந்துகொண்டே வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மங்கிலேயே தானாக உறைந்துவிட்ட கட்டிப்பாலை முன்பு கழிவுக்கு அடுத்த நிலையில் வைத்திருந்தனர். புதிய ஆலைகளுக்கு அதுவே முதன்மை மூலப்பொருளுள் ஒன்றாயிற்று. இன்று ரப்பர் மிஞ்சியுள்ள இடங்களிற் பலவற்றில் பாலைப் பாலாக எடுப்பதே இல்லை. மங்கில் உறையவிட்டுச் சில நாளுக்கு ஒருமுறை கட்டிகளைப் பொறுக்குகின்றனர். மெட்ரோலாக்கும் வரிசையும் போயின. ஆனால் கட்டிக்குள் எவ்வளவு நீர் என்ற பழைய கேள்வி போகவில்லை. இப்போது அது வாங்குபவரின் தராசருகே நின்று கேட்கப்படுகிறது.

மொழியவை என்ற முறையில் நமக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. வணிகச் செயல்முறைக்குரிய கலைச்சொற்களை ஆக்க அமரும்போது நாம் பெரும்பாலும் ஆங்கில அகராதியை ஒருபுறமும் நிகண்டை மறுபுறமும் வைத்துக்கொள்கிறோம். இடையில் நூறாண்டு தோட்ட வழக்கு கிடக்கிறது. பெரட்டு, செக்ரோல், கிராணி, கித்தா ஆகியவை வந்தேறிச் சொற்கள். நிரை, ஒட்டுப்பால், கட்டிப்பால், பேர் ஆகியவை நம் சொற்கள். இரண்டும் கலந்து ஒரு முழுச் செயல்முறையையும் தமிழிலேயே நடத்திக்காட்டின. கடைசியாகக் கூறிய 'பேர்' என்பதைப் பாருங்கள். கடல்கடந்த தோட்டங்களில் அது ஒருவரின் பெயரைக் குறிப்பதோடு, ஏட்டில் பதிவான ஒரு முழுநாள் வேலையையும் குறிக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தின் நிறை குறைந்தால் கிடைப்பது 'அரைப்பேர்'. அளவை, வருகைப்பதிவு, ஊதியம் ஆகிய மூன்றையும் ஒரு சொல்லில் முடிந்துவைத்த வழக்கு அது. இன்றைய செயல்முறை ஆய்வாளர் மூன்று கட்டங்களில் எழுதுவதை அது இரண்டரை மாத்திரையில் சொல்கிறது என்றால் இலக்கணப் புலவர்கள் பொறுத்தருள்க.

திகாம் பத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களிற் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டன. சீவுகத்தி பிடித்த கைகள் இன்னும் சில ஆண்டுகளுக்கு நம்மிடையே இருக்கும். அவர்களிடம் சென்று, மழை பெய்த மறுநாள் எந்த மரத்தை முதலில் வெட்டுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நிரையின் மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம், பட்டையின் ஈரம், காற்று வரும் திசை என்று விடை நீண்டுகொண்டே போகும். இவ்வுரைத் தொடரின் அடுத்த கூட்டத்துக்கு வருவோர், தம் வீட்டுப் பெரியவரிடம் அந்த விடையைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு வரவேண்டுகிறோம். பழைய செக்ரோல் ஏடோ சம்பளத் துண்டோ பெட்டியில் கிடந்தால் அதையும்.